ட்யூட்டி முடிந்ததும் எழுதும் நோட்டு: செவிலியர்களுக்கான மீள்பார்வை வழிகாட்டி

"இனிமேல் கவனமாக இருப்பேன்."

ட்யூட்டியில் மனதை உறுத்திய ஒன்றை எழுதிக்கொண்டு வாருங்கள் என்று புதிதாகச் சேர்ந்த நர்ஸ்களிடம் சொன்னால், பெரும்பாலும் இந்த வரியில்தான் முடித்துக்கொண்டு வருவார்கள். எழுதியவர் உண்மையாக வருந்தித்தான் எழுதியிருப்பார். ஆனால் அடுத்த வாரம் அதே இடத்தில் அதே தவறு நடக்கும். கவனம் குறைந்ததால் நடந்த தவறாக இருந்தால்தானே கவனத்தால் சரியாகும்?

ராமநாதபுரம் கடலோரத்தில் பல வருடம் வேலை பார்த்து, புதியவர்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இந்த நோட்டை எழுதச் சொல்லிக் கொடுத்து, அவர்கள் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து எழுதியது இது. பெரிய மருத்துவமனையில் சீனியர் பக்கத்தில் நின்று திருத்துவார். இங்கே கடலோரத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரவில் ஒரு நர்ஸ்தான் இருப்பார். நம்மைத் திருத்த ஆள் இல்லாத இடத்தில், நடந்ததிலிருந்து நாமே பாடம் எடுக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

நடந்ததைத் திரும்பிப் பார்த்துக் கற்பதை நர்சிங் படிப்பில் 'ரிஃப்ளெக்டிவ் பிராக்டிஸ்' என்று மார்க்குக்காக எழுதியிருப்பீர்கள். அதை மறந்துவிடுங்கள். இது நீங்கள் உங்களுக்காக எழுதுவது.

1. தொடங்கும் முன் தேவையானவை

நூறு பக்க நோட்டு ஒன்று, பேனா, பதினைந்து நிமிடம். போனில் எழுத வேண்டாம் என்பதற்குக் காரணம் உண்டு. போன் வீட்டில் எல்லோர் கையிலும் போகும், படங்கள் தானாக எங்கோ ஏறிக்கொள்ளும், வாட்ஸ்அப் குழுவில் தவறிப் போய் விழும். நோட்டு உங்கள் பையில் இருக்கும்.

நோயாளியை அடையாளம் காட்டும் எதையும் எழுதக் கூடாது. பெயர், ஐ.பி. எண் (உள்நோயாளி எண்), படுக்கை எண் மட்டும் இல்லை. ஊரும் தொழிலும் சேர்ந்தாலே போதும், ஆள் தெரிந்துவிடும். 'தொண்டிப் பக்கம் இரட்டைக் குழந்தை பெற்ற ஆசிரியை' என்று எழுதினால் இங்கே பஸ்ஸில் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவருக்கே அது யார் என்று தெரிந்திருக்கும். கடலோரத்து ஊர்கள் அவ்வளவு நெருக்கம். 'எழுபது வயது மதிக்கத்தக்க ஐயா', 'முதல் பிரசவத்துக்கு வந்த பெண்' என்ற அளவில் நிறுத்துங்கள். டாக்டர், உடன் வேலை பார்ப்பவர்கள் பெயரும் வேண்டாம்.

இன்னொன்று. இந்த நோட்டு கேஸ் ஷீட்டுக்கோ (நோயாளியின் சிகிச்சைப் பதிவு) சம்பவ அறிக்கைக்கோ மாற்று கிடையாது. மருந்து மாறிப் போயிருந்தால், நோயாளி கட்டிலிலிருந்து விழுந்திருந்தால், முதலில் டாக்டருக்குச் சொல்ல வேண்டும், நோயாளியைப் பார்க்க வேண்டும், முறைப்படி எழுத வேண்டியதை எழுத வேண்டும். அதெல்லாம் முடிந்த பிறகுதான் நோட்டு. "நோட்டில் எழுதிவிட்டேன் அக்கா" என்று ஒரு பெண் ஒரு முறை என்னிடம் சொன்னபோது பதறிப் போனேன். நோயாளிக்கு நடந்தது நம் நோட்டுக்குள் மட்டும் இருந்துவிடக் கூடாது.

2. எப்போது எழுதுவது

இரண்டு தவணையாக எழுதுங்கள். அடுத்த ட்யூட்டிக்கு வருபவரிடம் நோயாளிகளை ஒப்படைத்து, அதாவது ஹேண்ட்ஓவர் கொடுத்து முடித்ததும் ஐந்தே வரி: நேரம், யார் என்ன சொன்னார், நீங்கள் என்ன செய்தீர்கள். முழுமையாக எழுதுவது அடுத்த நாளோ, அதற்கடுத்த நாளோ.

ஏன் இரண்டு தவணை என்றால், உடனே முழுதாக எழுத உட்கார்ந்தால் கோபமோ அழுகையோதான் எழுதும். ஒரு வாரம் கழித்து எழுதினால், நடந்தது போய் நாம் நமக்குச் சொல்லிக்கொண்ட கதைதான் மிஞ்சும். ஐந்து வரி கையில் இருந்தால் நினைவு நழுவாது; ஒரு தூக்கம் போட்டு எழுந்தால் மனம் அடங்கியிருக்கும்.

நைட் ட்யூட்டி முடித்தவர்கள் தூங்கப் போகும் முன் அந்த ஐந்து வரியை மட்டும் எழுதிவிடுங்கள். ராமேஸ்வரத்தில் வேலை முடித்து ராமநாதபுரத்துக்குப் பஸ் ஏறுபவர்கள் பாம்பன் பாலம் வருவதற்குள் எழுதி முடித்துவிடலாம். மண்டபம் தாண்டினால் தூக்கம் வந்துவிடும்.

தினமும் எழுத வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒன்று போதும். தினமும் எழுதத் தொடங்கியவர்கள் பத்தாம் நாள் நிறுத்திவிடுகிறார்கள்.

3. எதை எழுதுவது என்று தேர்ந்தெடுப்பது

ஒரு நோயாளி, ஒரு மணி நேரம். அதற்கு மேல் எடுக்காதீர்கள். 'இந்த வாரம் முழுக்க வேலை அதிகம்' என்பதை எழுதினால் புலம்பலாகத்தான் முடியும். அதில் பிடித்து இழுக்க ஒரு நுனி இருக்காது.

வீட்டுக்குப் போன பிறகும் எது திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறதோ அதை எடுங்கள். சின்ன விஷயமாக இருந்தாலும் பரவாயில்லை.

தவறை மட்டும்தான் எழுத வேண்டும் என்று நினைக்க வேண்டாம். புதியவர்கள் இங்கே நிச்சயம் வழுக்குவார்கள். நன்றாக நடந்ததையும் எழுதுங்கள், ஏன் நன்றாக நடந்தது என்று தெரிந்தால்தான் மறுபடி செய்ய முடியும். திருக்கை முள் குத்திக் கத்திக்கொண்டு வந்த ஒருவருக்கு, பொறுக்கும் சூட்டுத் தண்ணீரில் காலை வைத்ததும் வலி இறங்கியதை ஒரு பெண் எழுதியிருந்தார். அதில் முக்கியமான வரி சுடுதண்ணீர் பற்றியது இல்லை. 'வலியில் அவருக்குச் சூடு தெரியாது என்பதால் முதலில் என் கையை விட்டுப் பார்த்தேன்' என்ற வரி. தண்ணீர் 45 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் முள் குத்திய புண்ணோடு தீப்புண்ணும் சேர்ந்துவிடும். அந்தப் பெண் கையை விட்டுப் பார்த்தது தற்செயலா, பழக்கமா? எழுதிய பிறகு அது பழக்கமாகிவிட்டது.

4. முதல் படி: நடந்ததை மட்டும் எழுதுங்கள்

1988-இல் கிரஹாம் கிப்ஸ் வகுத்த ஆறு படிகள்தான் நர்சிங் வகுப்புகளில் அதிகம் சொல்லித் தரப்படுவது: நடந்தது, உணர்வு, மதிப்பீடு, அலசல், முடிவு, அடுத்த செயல். நான் சொல்லப் போவதும் ஏறக்குறைய அதே வரிசைதான், கடைசி இரண்டையும் ஒன்றாக்கியிருக்கிறேன். வரிசையை மாற்றாதீர்கள். நடந்ததை எழுதி முடிக்கும் முன்பே 'நான் செய்தது தப்பு' என்று எழுதிவிட்டால், அதற்குப் பிறகு அந்தத் தீர்ப்புக்கு ஏற்ற விஷயங்கள் மட்டும்தான் நினைவுக்கு வரும்.

நடந்ததை எழுத ஒரு சோதனை: சுவரில் ஒரு கேமரா இருந்திருந்தால் அதில் இது பதிவாகியிருக்குமா? 'மகன் அவசரப்படுத்தினார்' என்பது பதிவாகாது. 'மகன் மூன்று முறை வந்து, எப்ப அனுப்புவீங்க என்று கேட்டார்' என்பது பதிவாகும்.

என் நோட்டிலிருந்தே ஒன்றைக் காட்டுகிறேன். நான் வேலை பார்த்த கடலோர மருத்துவமனை ஒன்றில், ஓர் ஆடி அமாவாசை அன்று நடந்தது.

'11.10. எழுபது வயது மதிக்கத்தக்க ஐயாவை மகனும் இன்னொருவரும் தாங்கிக்கொண்டு வந்தார்கள். வேட்டி ஈரம். மகன்: வெயில்ல நின்னு மயங்கிட்டாரு சிஸ்டர். கூப்பிட்டால் கண் திறந்தார், பதில் இல்லை. நிறைய வியர்வை. பி.பி. 150/90, நாடி 104. டாக்டர் பக்கத்து அறையில் வேறொருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன், நார்மல் சலைன் (உப்பு நீர் டிரிப்) போடச் சொன்னார். 11.20 வென்ஃப்ளான் (நரம்பில் போடும் ஊசிக்குழாய்) போட்டேன், சலைன் ஓடியது. 11.35 ஐயா எழ முயன்றார், கையை உதறினார். மகனிடம் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். 11.40 டாக்டர் வந்தார். சுகர் பார்த்தீர்களா என்றார். பார்க்கவில்லை. குளுக்கோமீட்டர் டிராயரில் இருந்தது, ஸ்ட்ரிப் டப்பா உள்ளறை அலமாரியில். 11.45 சுகர் 46. டாக்டர் சொன்னபடி 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (சர்க்கரைக் கரைசல்) கொடுத்தேன். 11.55 ஐயா பேசினார். முதலில் கேட்டது: என் செருப்பு எங்கே? அப்புறம்தான் மகன் சொன்னார், அப்பாவுக்குச் சுகர் உண்டு, காலையில் மாத்திரை போட்டார், தர்ப்பணம் கொடுக்கும்வரை சாப்பிடவில்லை என்று.'

கவனியுங்கள், இதில் 'துரதிர்ஷ்டவசமாக' இல்லை, 'நான் மறந்துவிட்டேன்' இல்லை. பார்க்கவில்லை, அவ்வளவுதான். மறந்தேனா, தோன்றவே இல்லையா என்பது பின்னால் வரும் கேள்வி. அந்த இரண்டுக்கும் மருந்து வேறு வேறு.

5. இரண்டாம் படி: அந்த நேரத்தில் மனதில் ஓடியது

'வருத்தமாக இருந்தது' என்று எல்லோரும் எழுதுவது வீட்டுக்குப் போன பிறகு வந்த வருத்தம். நமக்கு வேண்டியது அது இல்லை. அந்த 11.20-க்கு உங்கள் மனதில் என்ன இருந்தது?

என்னுடையது: 'வென்ஃப்ளான் ஒரே குத்தில் போனதில் நிம்மதி. வெளியே வரிசை நீள்கிறதே என்ற பதற்றம். 11.35-க்கு ஐயா கையை உதறியபோது எரிச்சல், போட்ட ஊசி போய்விடுமே என்று. டாக்டர் சுகர் பற்றிக் கேட்டபோது முகம் சூடானது. காலையில் ஒரு டம்ளர் டீ மட்டும் குடித்திருந்தேன்.'

எரிச்சல் என்று எழுத எனக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் அந்த எரிச்சல்தான் இங்கே துப்பு. சுகர் இறங்கினால் மனிதர் குழம்புவார், முரண்டு பிடிப்பார் என்பது எனக்குத் தெரியும். அவர் கையை உதறியபோது நான் அதை நோயின் அறிகுறியாகப் பார்க்காமல், என் வேலைக்கு வந்த இடைஞ்சலாகப் பார்த்திருக்கிறேன். உணர்வை எழுதாமல் தாண்டியிருந்தால் இது என் கண்ணில் பட்டிருக்காது.

பசி, தூக்கம், கால் வலி, மாதவிடாய், வீட்டில் காய்ச்சலோடு விட்டுவந்த குழந்தை எல்லாவற்றையும் இங்கே எழுதலாம். சாக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவையும் அந்த அறையில் இருந்தவைதான்.

6. மூன்றாம் படி: எது சரி, எது தவறியது

பக்கத்தின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். இடப்பக்கம் சரியாக நடந்தது, வலப்பக்கம் தவறியது. இடப்பக்கத்தை முதலில் நிரப்புங்கள். புதியவர்கள் அதைக் காலியாக விட்டுவிடுவார்கள், அடக்கம் என்று நினைத்து. அது அடக்கம் இல்லை, பாதிக் கணக்கு.

அன்றைக்கு இடப்பக்கம் ஒன்று இருந்தது. சர்க்கரை ஏறி ஐயா தெளிந்ததும், வேன் காத்திருக்கிறது, கூட்டிப் போகிறோம் என்று மகன் நின்றார். நான் விடவில்லை. அவர் போட்டது கிளிமிபிரைடு என்ற சுகர் மாத்திரை. அந்த வகை மாத்திரை உடம்பில் பல மணி நேரம் வேலை செய்யும்; ஏறிய சர்க்கரை மறுபடி இறங்கலாம். சாப்பிட வைத்து, டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மணிக்கொரு தடவை சுகர் பார்த்தேன். 1.30-க்கு மறுபடி 62. வேனில் போயிருந்தால் மதுரை போய்ச் சேரும் முன் என்ன ஆகியிருக்கும்?

வலப்பக்கம்: சுகர் பார்க்க 35 நிமிடம் தாமதம். சர்க்கரை நோய், மாத்திரை, சாப்பாடு பற்றி நான் எதுவும் கேட்கவில்லை.

7. நான்காம் படி: ஏன்?

வழிகாட்டியின் உயிர் இந்தப் படியில்தான் இருக்கிறது. மற்றதற்கெல்லாம் ஐந்து நிமிடம் போதும், இதற்கு மட்டும் நேரம் கொடுங்கள். ஒரு 'ஏன்' கேட்டு, வந்த பதிலுக்கு மறுபடி ஒரு 'ஏன்' கேட்டு, உங்களால் கைவைக்க முடிந்த ஒன்று வரும்வரை போக வேண்டும்.

ஏன் சுகர் பார்க்கவில்லை? தோன்றவில்லை.

ஏன் தோன்றவில்லை? வெயில் மயக்கம் என்று நினைத்தேன்.

ஏன் அப்படி நினைத்தேன்? மகன் அப்படிச் சொன்னார்.

இங்கே பேனாவைக் கீழே வைத்துவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மகன் நர்ஸும் இல்லை, டாக்டரும் இல்லை. அவர் பார்த்ததைச் சொல்லவில்லை, தான் நினைத்த காரணத்தைச் சொன்னார். நான் அதை அப்படியே வாங்கிக்கொண்டு சலைன் ஓட்டிவிட்டேன். டாக்டரிடமும் 'வெயில்ல மயங்கின ஐயா' என்றுதான் சொல்லியிருக்கிறேன். மகனின் ஊகம் என் வாய் வழியாக டாக்டரிடம் போனபோது அது மருத்துவத் தகவல் மாதிரி ஆகிவிட்டது.

வியர்வை? மயங்கி வருபவருக்குக் கொட்டும் வியர்வை சுகர் இறங்கியதன் அறிகுறி என்று படித்திருக்கிறேன். ஏன் உறைக்கவில்லை? அன்று எல்லோருக்கும் வியர்த்தது. எனக்கும் வியர்த்தது.

ஆடி அமாவாசையில் ஐயர் தர்ப்பணம் முடித்துவைக்கும்வரை பெரியவர்கள் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் இருப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? என் அப்பாவே அப்படித்தான். ஆனால் வீட்டில் தெரிந்தது வேறு, வார்டில் தெரிந்தது வேறு என்று இரண்டும் ஒன்றோடொன்று பேசாமல் இருந்திருக்கின்றன.

இவ்வளவும் என்னைப் பற்றியது. இதோடு நிறுத்தினால் பாதிதான். வார்டைப் பார்த்தும் 'ஏன்' கேட்க வேண்டும். குளுக்கோமீட்டர் ஒரு அறையிலும் ஸ்ட்ரிப் இன்னொரு அறையிலும் ஏன் இருந்தது? ஸ்ட்ரிப் குறைவாக வந்த ஒரு மாதத்தில் யாரோ பூட்டி வைத்திருக்கிறார்கள், அப்படியே பழகிவிட்டது. கையெட்டும் தூரத்தில் இல்லாத பொருள் நினைவிலும் தூரமாகத்தான் இருக்கும்.

மூன்றாவதாகப் பாடப் புத்தகத்தையும் மருத்துவமனை நெறிமுறையையும் திறந்து பார்க்க வேண்டும். சுகர் 70-க்குக் கீழே போனால் குறைவு, 54-க்குக் கீழே போனால் உடனே செயல்பட வேண்டிய அளவு. நினைவு தப்பி வருபவருக்கு பி.பி., நாடி பார்க்கும்போதே சுகரும் பார்க்க வேண்டும். தெரிந்ததுதானே என்று புத்தகத்தைத் திறக்காமல் இருக்காதீர்கள். கிளிமிபிரைடு பற்றி நான் உறுதியாகத் தெரிந்துகொண்டது அதற்கு முன் ஒரு முறை இதே நோட்டுக்காகத் தேடியதில்தான்.

இன்னொரு உதாரணம், ஒரு புதியவருடையது. கடல்பாசி எடுக்கப் போய்ப் பாறை கிழித்த காலோடு ஒரு அக்கா வந்தார். புதியவர் டிரெஸ்ஸிங் செய்து, தண்ணீர் படக்கூடாது என்று சொல்லி அனுப்பினார். மூன்றாம் நாள் கட்டு நனைந்து, புண் சிவந்து அந்த அக்கா வந்தார். நோட்டில் எழுதியிருந்தது: 'நோயாளி சொன்னதைக் கேட்கவில்லை. படிப்பறிவு இல்லாததே காரணம்.'

நான் கேட்டேன்: "அந்த அக்கா ஏன் கேட்கல?"

"கடலுக்குப் போயிட்டாங்க அக்கா."

"ஏன் போனாங்க?"

அதற்கு அந்தப் பெண்ணிடம் பதில் இல்லை, கேட்டிருக்கவே இல்லை. அடுத்த தடவை டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது கேட்டார். பாசி எடுக்கத் தோதான நாட்கள் மாதத்தில் கொஞ்சம்தான். அந்த நாட்களை விட்டால் கையில் காசு கிடையாது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு விடியும் முன்பே இறங்கும் வேலை. 'தண்ணீர் படக்கூடாது' என்பது அந்த அக்காவின் காதில் 'சாப்பிடாதே' என்றுதான் விழுந்திருக்கும்.

எந்த நோட்டிலும் 'ஒத்துழைக்கவில்லை', 'சொன்னால் புரியவில்லை' என்று வந்தால் அந்த இடத்தில் ஒரு வட்டம் போடுங்கள். அங்கேதான் நீங்கள் கேட்காமல் விட்ட ஒரு கேள்வி இருக்கிறது.

8. ஐந்தாம் படி: அடுத்த முறை என்ன செய்வேன்

ஒன்றிரண்டு சின்னச் செயல் போதும். அதற்கு மூன்று நிபந்தனை: இன்னொருவர் பார்த்தால் நீங்கள் அதைச் செய்தீர்களா இல்லையா என்று சொல்ல முடிய வேண்டும், ஒரு வாரத்துக்குள் செய்ய முடிய வேண்டும், யாருடைய உத்தரவுக்கும் காத்திருக்கக் கூடாது.

'கவனமாக இருப்பேன்' முதல் நிபந்தனையிலேயே விழுந்துவிடும். கவனத்தை யார் பார்க்க முடியும்? 'வார்டுக்குக் கூடுதல் ஆள் வேண்டும்' நியாயமான கோரிக்கைதான், ஆனால் மூன்றாவதில் விழும்.

நான் எழுதியது: 'மயங்கி வருபவருக்கு பி.பி. கஃப் சுற்றும் அதே கையோடு விரலில் குத்திச் சுகர் பார்ப்பேன். ஸ்ட்ரிப் டப்பாவைக் குளுக்கோமீட்டரோடு ஒரே ட்ரேயில் வைப்பேன்.' இரண்டாவதுக்கு வார்டு இன்சார்ஜிடம் ஒரு வார்த்தை சொன்னேன், சரி என்றார். அன்று மாலையே மாறியது. 'வெயில்ல மயங்கிட்டாரு' என்று யாராவது சொன்னால், "நீங்க என்ன பார்த்தீங்க? அதுக்கு முன்னாடி என்ன சாப்பிட்டார்?" என்று கேட்பதையும் சேர்த்துக்கொண்டேன்.

பாசி அக்காவுக்கு டிரெஸ்ஸிங் செய்த பெண் எழுதியது: 'புண்ணுக்கு அறிவுரை சொல்லும் முன், நாளைக்கு என்ன வேலை என்று கேட்பேன்.' பதிலைப் பொறுத்து எந்த நாட்களில் ஓய்வு முடியும், கரை ஏறியதும் எத்தனை மணிக்குக் கட்டு மாற்ற வரலாம், சிவப்போ வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றே வர வேண்டும் என்று சேர்ந்து பேசி முடிவு செய்ய முடிந்தது. வடக்கிலிருந்து வரும் யாத்ரீகர்களிடம் பேச்சு புரியாமல் திணறிய இன்னொருவர், 'சுகர் ஹை க்யா? தவா லீ? கானா காயா?' (சுகர் இருக்கா? மருந்து எடுத்தீங்களா? சாப்பிட்டீங்களா?) என்று மூன்று இந்திக் கேள்வியைத் தமிழ் எழுத்தில் அட்டையில் எழுதி ட்ராலியில் ஒட்டினார்.

நேரமே இல்லாத வாரத்தில் மூன்று கேள்வி மட்டும் எழுதுங்கள்: என்ன நடந்தது? அதனால் என்ன தெரிகிறது? இனி என்ன செய்வேன்? மூன்றாவதை விட்டுவிடாதீர்கள்.

9. ஒருவரோடு உட்கார்ந்து பேசுவது

மாதத்துக்கு ஒரு முறை, நம்பிக்கையான ஒருவரோடு அரை மணி நேரம். அவர் உங்கள் மேலதிகாரியாக இல்லாமல் இருப்பது நல்லது. நீங்கள் ஒன்றை வாசிக்க, அவர் கேள்வி மட்டும் கேட்க வேண்டும். அறிவுரை சொல்லக் கூடாது, "எனக்கும் இப்படித்தான்" என்று தன் கதைக்குப் போகக் கூடாது. புதியவர்கள் இருவர் சேர்ந்தால் பத்தாவது நிமிடத்தில் அது ஊர்ப்பேச்சாகிவிடும்; அதனால்தான் எழுதியதை வாசித்துவிட்டுப் பேசச் சொல்கிறேன்.

இன்சார்ஜ்களுக்கு ஒரு வேண்டுகோள். இந்த நோட்டைக் கேட்டு வாங்காதீர்கள். யாராவது தானாகக் கொண்டுவந்து காட்டினால், அதில் உள்ளதை வைத்துத் திட்டாதீர்கள், மெமோ கொடுக்காதீர்கள். ஒரே ஒரு முறை அப்படி நடந்தால் போதும், வார்டு முழுக்க எல்லோரும் 'கவனமாக இருப்பேன்' என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள்.

பிரிட்டனுக்கு வேலைக்குப் போகும் எண்ணம் உள்ளவர்கள் இதைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே பதிவை மூன்று வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்கும்போது இப்படிப்பட்ட ஐந்து எழுத்துக் குறிப்புகளும், இன்னொரு பதிவு பெற்ற செவிலியரோடோ மருத்துவச்சியோடோ அதைப் பற்றிப் பேசியதற்கான சான்றும் கேட்பார்கள். இங்கேயே பழகிவிட்டால் அங்கே போய்த் தடுமாற வேண்டாம்.

10. எழுதக் கூடாத நேரம்

குழந்தை கையிலேயே இறந்துபோவது, பிரசவத்தில் தாயை இழப்பது, நோயாளியின் உறவினர் கையை ஓங்குவது போன்றவை நடந்தால் உடனே நோட்டை எடுக்காதீர்கள். முதலில் ஒரு மனிதரிடம் பேசுங்கள். சாப்பிடுங்கள், தூங்குங்கள். 'ஏன், ஏன்' என்று கேட்கும் படி, ரணமாக இருக்கும் மனதைக் கீறிவிடும்.

இரண்டு வாரம் ஆகியும் அந்தக் காட்சி கண்ணை விட்டுப் போகவில்லை, தூக்கம் இல்லை, வார்டு வாசலில் கால் தயங்குகிறது என்றால் நோட்டால் ஆகாது. டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416-ஐ எந்த நேரமும் அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். தயங்க வேண்டாம். நோயாளிக்கு நாம் சொல்வதைத்தான் நமக்கும் சொல்கிறேன்.

11. திரும்பிப் படிப்பதும் நோட்டை முடிப்பதும்

மூன்று மாதத்துக்கு ஒரு முறை பழைய பக்கங்களைப் படியுங்கள். எனக்கு அதற்கு மிக வசதியான காலம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும், படகுக்காரர்கள் மராமத்து பார்ப்பார்கள், வலையில் கிழிசல் தேடுவார்கள். நான் நோட்டை எடுத்துக்கொள்வேன்.

படிக்கும்போது இரண்டு விஷயத்தைத் தேடுங்கள். ஒன்று, 'செய்வேன்' என்று எழுதியதைச் செய்தீர்களா? பக்கத்தில் டிக் போடுங்கள், அல்லது ஏன் செய்யவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். செய்ய முடியாமல் போனதற்குப் பெரும்பாலும் செயலைப் பெரிதாக எழுதியதுதான் காரணமாக இருக்கும். சின்னதாக்குங்கள்.

இரண்டு, ஒரே விஷயம் மூன்று முறை வருகிறதா? அப்படியென்றால் அது உங்கள் குறை மட்டும் இல்லை, வார்டின் குறை. ஹேண்ட்ஓவர் நேரத்தில் நடந்த தவறுகள் மூன்று என் நோட்டில் இருந்தன, மூன்றும் வெவ்வேறு மாதம். தனித்தனியாகப் பார்த்தபோது என் அசட்டை என்று நினைத்தேன். சேர்த்துப் பார்த்தால் மூன்றிலும் ஹேண்ட்ஓவர் கொடுத்தது கவுண்டர் அருகில், நோயாளிகளோடு வந்தவர்கள் கேள்வி கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில். பெயர் எதுவும் சொல்லாமல் இந்த மூன்றையும் இன்சார்ஜிடம் சொன்னேன். அப்புறம் நோயாளியின் கட்டில் அருகிலேயே நின்று ஹேண்ட்ஓவர் கொடுக்க ஆரம்பித்தோம்.

நோட்டு நிறைந்ததும், டிக் போடாத செயல்களை மட்டும் புது நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பழையதைப் பழைய பேப்பர்காரரிடம் போடக் கூடாது. பெயர் இல்லாவிட்டாலும் அதில் இருப்பது அடுத்தவர்களின் வலி. கிழித்து, வீட்டு அடுப்பிலோ கொல்லைப்புறத்திலோ முழுக்க எரியும்வரை நின்று எரித்துவிடுங்கள்.